தோல் நிழலில் கட்டிய நாய்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு கிடங்கில் மேஸ்திரியாக இருக்கிறேன். நாய் வளர்க்கும் வாசகர்கள் என் தவறைச் செய்யாதிருக்கவே இதை எழுதுகிறேன்.

சென்ற கத்திரி வெயிலில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, காவல் நாய் கறுப்பனைக் கொடியில் உலரும் மாட்டுத்தோல்களின் நிழலில் கட்டினேன். வெள்ளிக்கிழமை தொழுகைக்காக மதியமே வேலை நிற்கும். அதற்குமுன் ஆட்கள் உலர்ந்த தோல்களை இறக்கி உள்ளே அடுக்கினார்கள். இறக்கச் சொன்னதே நான்தான். தோலோடு நிழலும் போகிறது என்பது என் புத்தியில் உறைக்கவில்லை.

வீட்டில் சோற்றில் கை வைத்தபோதுதான் நினைவு வந்தது. கையைக் கழுவாமல் ஓடினேன். தொழுகை முடிந்து வந்த எங்கள் கிடங்கு இஸ்மாயில் பாயும் கூட ஓடிவந்தார்.

முற்றத்துத் தரை கொதித்தது. நாயைக் காணோம். கயிறு மட்டும், காலையில் தோல் ஊறும் பதக்குழியிலிருந்து அள்ளிப்போட்ட ஆவாரம்பட்டைச் சக்கைக் குவியலுக்குள் போயிருந்தது. அங்கே ஒரு கறுப்பு மூக்கு வெளியே தெரிந்தது.

“உசுரோட கீது, மேஸ்திரி!” என்று பாய் சக்கைக்குள் கையை விட்டார். “சுப்ஹானல்லா! உள்ள ஜில்லுனு கீதே!”

நானும் கையை விட்டேன். இருபது வருஷமாக இந்தச் சக்கையை மிதிக்கிறேன். அதற்குள் இப்படியொரு குளிர்ச்சி இருப்பது எனக்குத் தெரியாது. அந்த வாயில்லா ஜீவனுக்கு யார் சொன்னது? அந்த வெயிலிலும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. தண்ணீர் வைத்ததும் கறுப்பன் மெல்ல எழுந்து குடித்தான்.

இப்போது கோடையில் அவனைக் கட்டுவதில்லை. தண்ணீர்த் தொட்டி காலியாவதும் இல்லை. தினமும் ஈரச் சக்கையில் இரண்டு கூடை முதலில் அவன் இடத்துக்குப் போகும், மிச்சம்தான் கழிவு அள்ளும் வண்டிக்கு.