குதிரை மேல் கால் பட்டதற்கு

ஜார்ஜ்டவுனில் ஒரு குதிரை லாயத்தில் கூட்டிக் கழுவுகிற வேலை எனக்கு. பேரன் பேத்தி எடுத்த வயதில் லத்தி அள்ளி அள்ளி முதுகு வளைந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் குதிரை ஓட்டக் கற்றுத்தரும் பெண், நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், சொன்னாள்: "ஞாயித்துக்கிழம வேல முடிஞ்சதும் ஏறி உக்காருங்கக்கா. முதுகு நிமிரும் லா."

எனக்கு ஒரே குதூகலம். வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளில் ஒரு பக்கமாகவே உட்கார்ந்து ஜெலுத்தோங் பசாருக்குக் காய்கறி வாங்கப் போய் வந்தவள் நான். இரண்டு பக்கமும் கால் போட்டு எதிலும் உட்கார்ந்ததில்லை. மகளின் டிராக் பேண்டோடு கிளம்பியபோது அவர், "என்னா, படையெடுப்பா?" என்றார். "ஆமா, சோத்த நீங்களே போட்டுத் தின்னுங்க" என்றேன்.

லாயத்துச் சுவரில் ஏதோ எழுதி, படமும் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது, படம் போதும். காது, தோள், இடுப்பு, குதிகால் நாலும் ஒரே கோட்டில் நிற்கவேண்டும். பார்வை தூரத்தில். கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கக் கூடாது. இதெல்லாம் மூன்று வாரத்தில் வந்துவிட்டது.

வராதது ஒன்றுதான். குதிரை நடக்க, காலால் விலாவில் மெல்லத் தட்டவேண்டும். கால் பட்டதும் என் கை தானாகப் போய் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். குனிந்தால் போச்சு, ஒரு பக்கமாகச் சரிவேன். கயிற்றைப் பிடித்து நடக்கும் தங்கச்சி ஓடிவந்து தாங்குவாள்.

"அக்கா, அது ஒங்க மாமியார் இல்ல! கோவிச்சுக்காது."

"கால் பட்டுருச்சேம்மா."

"விழுந்து இடுப்ப ஒடச்சுக்கிட்டா யாரு பாக்குறது? இன்னிக்கு ஒரு சுத்து தனியா வரலன்னா இதோட நிறுத்திக்குவோம்."

காலையிலிருந்து கொட்டடி கழுவிய உடம்பு. நிறுத்தினால் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். ஆனால் வாரத்தில் அந்த அரை மணி நேரம்தான் நான் தரையைப் பார்க்காமல் இருக்கிறேன்.

இறங்கி, குதிரையின் விலாவை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "இன்னிக்கு ஒதைக்கப்போறதுக்கெல்லாம் சேத்து இப்பவே கும்புட்டுக்கிறேன், ஆத்தா."

ஏறினேன். தங்கச்சி கயிற்றைக் கழற்றினாள். தட்டினேன். கை தொட்டுக் கும்பிடப் பார்த்தது, கடிவாளத்தை விடவில்லை. பாதி வழியில் குதிரை நின்றுவிட்டது.

"கீழ பாக்காதீங்கக்கா!"

பார்க்கவில்லை. குதிகாலை இறக்கி, நிமிர்ந்து, இன்னொரு தட்டு. நடந்தது.

சுற்றி வந்து இறங்கியதும் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நாளைக்கு வேலைக்கு வருவேனான்னு தெரியலம்மா."

"வேலைக்கு வராட்டி பரவால்ல. ஞாயித்துக்கிழம வந்துருங்க" என்றாள்.