தனம் சிஸ்டர் நடந்த பதினாறு வீடுகள்

தனம் சிஸ்டர் போய்விட்டார்... இன்று காலை. நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர், ஆம்புலன்ஸ் மலை ஏறி வருவதற்குள்...

பழைய ஜீப் டிரைவர் சம்பத் அண்ணன்தான் போன் செய்தார். அவர் அழுத அழுகையில் யாருக்கு என்ன ஆனது என்றே எனக்கு முதலில் புரியவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆறு வருடம் பார்மசிஸ்டாக இருந்தேன். தனம் அங்கே கிராம சுகாதார நர்ஸ். அதே மலையில் பிறந்தவர். என் வயதுதான் இருக்கும்.

மதியம் சாப்பிடும்போது என் போனில் எல்லோரும் ஒரு டிவி காமெடித் தொடர் பார்ப்போம். ஒரு கூரியர் ஆபீஸ், அதற்கு ஒரு மேனேஜர். பார்சல் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் "எல்லாம் என் பிளானிங்" என்பார். உடைந்து போனால் மழை, ரோடு, வேலைக்கு வந்த பசங்க... அவரைத் தவிர எல்லாமே காரணம்.

வயிறு வலிக்கச் சிரிப்போம். "அப்படியே நம்ம ஸ்டோர்கீப்பர்" என்று நான் சொல்வேன். ஸ்டோர்கீப்பர் சம்பத் அண்ணனைக் காட்டுவார். அவர் வேறு யாரையாவது.

ஒரு நாள் தனம் சிஸ்டர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னார். "இன்னா சார், ஆளாளுக்கு அடுத்தவங்களையே காட்றீங்க. எனக்கு அந்த ஆளைப் பாத்தா என்னைப் பாக்கற மாதிரியே இருக்குது."

ஜோக் என்று நினைத்து அதற்கும் சிரித்தோம்.

அந்த வருடம் மழையில் மூன்று நாள் கரண்ட் இல்லை. நான்காம் நாள் கரண்ட் வந்ததும் சிஸ்டர் ஃப்ரிட்ஜில் இருந்து தடுப்பு மருந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மூன்று ஊர், பதினாறு குழந்தைகள். போட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். கையில் காலி சீசாக்கள்.

"சார், இந்த லேபிளைக் கொஞ்சம் பாருங்க."

லேபிளில் ஒரு வட்டம், அதற்குள் வெள்ளையாக ஒரு சதுரம் இருக்கும். மருந்து சூடு பட்டுக் கெட்டால் சதுரம் கருத்துவிடும். கருத்திருந்தது.

"கரண்ட் இல்லன்னா நாம இன்னா பண்றது? விடுங்க சிஸ்டர், பசங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"ஒண்ணும் ஆகாதுதான் சார். அந்த ஊசியும் ஒண்ணும் பண்ணாதே... ஊசி போட்டாச்சுன்னு அம்மாங்க நம்பிக்கினு இருப்பாங்களே."

நேராக டாக்டர் மேடம் ரூமுக்குப் போனார். "லேபிளைப் பாக்காம போட்டது நான் மேடம்." வேறு ஒரு வார்த்தை இல்லை.

ஃப்ரிட்ஜ் என் பொறுப்பு. தினமும் இரண்டு வேளை வெப்பநிலை பார்த்து சார்ட்டில் எழுத வேண்டும். அந்த மூன்று நாளும் ஃப்ரிட்ஜைத் திறந்துகூடப் பார்க்காமல் எழுதியிருந்தேன். மேடம் என்னைப் பார்த்தார். "கரண்ட் போயிடுச்சு மேடம்" என்றேன்.

மெமோ சிஸ்டருக்கு வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, திருப்பத்தூரில் இருந்து வந்த புது மருந்தைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார்.

ஜீப்பில் போகும்போது நான் ஐடியா கொடுத்தேன். "ஸ்பெஷல் கேம்ப்னு சொல்லிப் போட்டுடலாம். யாருக்குத் தெரியப்போவுது?"

அவர் மருந்துப் பெட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

முதல் வீடு. அப்பா வாசலிலேயே மறித்தார். "எங்க புள்ளைங்கன்னா உங்களுக்கு அவ்ளோ கிள்ளுக்கீரையா?"

"தப்பு என்னுதுதாங்க. பாக்காம போட்டுட்டேன். கொழந்தைக்குக் கெடுதல் இல்லீங்க. ஆனா அந்த ஊசி வேலை செய்யாது, இன்னொரு வாட்டி போடணும்."

அவர் கத்திக்கொண்டே இருந்தார். நான் சிஸ்டர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்... கரண்ட் என்ற வார்த்தை எப்போது வரும் என்று. அந்த ஊரிலும்தான் மூன்று நாள் இருட்டு. சொல்லியிருந்தால் அவரே சமாதானம் ஆகியிருப்பார்.

கடைசி வரை அந்த வார்த்தை வரவில்லை. தலை குனியவும் இல்லை, அழவும் இல்லை. வெயிலில் பெட்டியோடு நின்று, அவர் பேசி முடிக்கும் வரை கேட்டார். இப்படி ஒருவர் நிற்பதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

உள்ளே இருந்து அந்தக் குழந்தையின் அம்மா வந்தார். குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பதினாறு வீடு, இரண்டு நாள். ஜீப் போகாத இடமெல்லாம் நடை. ஒவ்வொரு வாசலிலும் அதே வார்த்தைகள்... "தப்பு என்னுதுதாங்க." பதினாறு குழந்தைகளுக்கும் ஊசி போட்டாகிவிட்டது.

எனக்கு டிரான்ஸ்ஃபர் வந்து ஒடுகத்தூருக்கு இறங்கினேன். வழியனுப்பு விழாவில் மைக்கைப் பிடித்து இந்தக் கதையைத்தான் சொன்னேன். "நாங்க பதினாறு வூடும் ஏறி இறங்கினோம்..."

எல்லோரும் கை தட்டினார்கள். முதல் வரிசையில் இருந்த தனம் சிஸ்டரும் தட்டினார். அவர் முகத்தில் கேலி இல்லை, வருத்தமும் இல்லை. முடிந்ததும் ஒரு கவர் நிறையப் புளி கொடுத்தார். "எங்க மரத்துது சார். வூட்ல குடுங்க."

அதற்கப்புறம் எத்தனை பேரிடம் அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன்! என் மகளின் ஸ்கூலில்கூட... ஒவ்வொரு தடவையும் "நாங்க" என்றுதான்.

முதல் வீட்டோடு கால் வலி என்று நான் ஜீப்புக்குத் திரும்பிவிட்டேன். மற்ற பதினைந்து வீட்டுக்கும் தலையில் பெட்டியோடு அவர் தனியாகத்தான் நடந்தார். இரண்டு நாளும் நான் ஜீப்பில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மெமோவும் எனக்கு வந்திருக்க வேண்டியது.

ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு இதை டைப் செய்கிறேன். மலைக்குப் போகிற பஸ் இன்னும் வரவில்லை.

வர்றேன் சிஸ்டர்... உங்கள் வீட்டுக்காரரிடமும் இதைச் சொல்ல வேண்டும்.