பிளவுஸ் கடையில் தைத்த கால் கவசம்

பிளவுஸ் தைக்கிறவள் என்று போர்டு மாட்டிவிட்டால், தலையணை உறையிலிருந்து தேர்ச்சீலைக் கிழிசல் வரைக்கும் ஊசி நுழையக்கூடிய எல்லாமே நம் தலையில்தான் வந்து விழும். மிஷினை மிதித்துப் பிழைக்கிற எல்லாருக்கும் இது தெரியும். "ஒரே ஒரு தையல்தான் அக்கா" என்று சிரித்துக்கொண்டு யாராவது படியேறினால் நான் டேப்பை ஒளித்துவைத்துவிடுவேன். நீங்களும் ஒளித்துவைப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். காஞ்சிபுரத்தில் ஒரு மாடவீதியில் என் கடை. கல்யாணப் பட்டுக்கு பிளவுஸ் தைப்பதுதான் தொழில். வெட்டுவதும் தைப்பதும் நான். ஊக்கு, காஜா, ஹெம்மிங் எல்லாம் என்னோடு வேலை செய்கிற பானு. போன வருஷம் நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஆர்டரை வாங்கிக்கொண்டு பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாதை இல்லாத ஓட்டம்

கல்பனா மிஸ் ஒரு பெண்கள் கல்லூரியில் விளையாட்டு ஆசிரியை. பல வருஷமாக என்னிடம்தான் தைக்கிறார். ஒருநாள் சாயங்காலம் வந்தவர் பிளவுஸ் துணிக்குப் பதிலாக ஒரு டிராக் பேண்ட்டை எடுத்து வெட்டும் மேஜையில் விரித்தார். முட்டிக்குக் கீழே நார் நாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. எலி கடித்ததா என்று கேட்டேன். இல்லை, ஓரியண்டீரிங் என்றார். நான் ஏதோ புது வியாதி என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு விளக்கினார். அது ஒரு ஓட்டப் பந்தயம். கையில் ஒரு வரைபடத்தையும் திசைகாட்டியையும் கொடுத்துப் புதர்க்காட்டில் விட்டுவிடுவார்கள். அங்கங்கே கொடி கட்டி வைத்திருக்கும். எல்லாக் கொடியையும் வரிசையாகத் தேடிப் பிடித்துவிட்டுச் சீக்கிரம் திரும்பி வர வேண்டும். அவருடைய மாணவிகள் ஆறு பேர் தாமல் ஏரிக்கு அந்தப் பக்கம் பழகுகிறார்கள். அங்கே முழுக்க வேலிகாத்தான் முள். அந்த ஆறு பேருக்கும் காலை மறைக்கிற மாதிரி, ஓடவும் முடிகிற மாதிரி ஏதாவது தைத்துத் தர வேண்டுமாம். முள்ளுக்குள் எதற்கு ஓட வேண்டும், பாதையிலேயே ஓடினால் என்ன என்று நான் நியாயமாகத்தான் கேட்டேன்.

"பாதை இருந்தா எதுக்கும்மா மேப் குடுக்கப் போறோம்?"

கெண்டைக்கால் எத்தனை இன்ச்?

இருபது வருஷத்தில் எத்தனையோ கழுத்தும் தோளும் கையும் அளந்திருக்கிறேன். கெண்டைக்காலை அளந்ததே இல்லை. ஆறு பெண்களும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து பேண்ட்டைச் சுருட்டிவிட்டார்கள். நான் தரையில் உட்கார்ந்து டேப்பைச் சுற்றினேன். பானு எழுதிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு காலிலும் சாக்பீஸால் கோடு போட்ட மாதிரி கீறல்கள்.

கடைசியில் உட்கார்ந்திருந்தவள் ஜீவிதா. அவளுடைய வலது கால் எலும்பின் மேல் ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு. முந்தின வருஷம் ஒரு முள் உள்ளேயே முறிந்துபோயிருக்கிறது. வெளியே சொன்னால் அனுப்ப மாட்டார்கள் என்று மறைத்திருக்கிறாள். சீழ் பிடித்து, ஜுரம் வந்து, ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். மூன்று வாரம் படுக்கை. இன்னொரு தடவை காலில் முள் ஏறினால் இந்த விளையாட்டே கிடையாது என்று அவளுடைய அப்பா சொல்லிவிட்டார். மாநில அணிக்கான தேர்வுக்கு ஒன்றரை மாதம்தான் இருந்தது. மிஸ் முன்பே ஆன்லைனில் ஒரு ஜோடிக் கவசம் வரவழைத்துப் பார்த்திருக்கிறார். அது வெளிநாட்டுக்காரர்கள் அளவு. இந்தப் பெண்களின் ஒல்லிக்காலில் நிற்காமல் கணுக்காலில் வந்து உட்கார்ந்துகொண்டதாம்.

நான் அளந்து முடித்ததும் ஜீவிதா பேண்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "ஜெயிக்கிறது தோக்கறது நான் பாத்துக்கறேன்க்கா. காலு மட்டும் உங்க பொறுப்பு."

குடைத்துணி

முதலில் பேண்ட். ஜீன்ஸ் துணிதான் கெட்டி என்று அதில் ஒன்று தைத்தேன். காலையில் பனி நனைந்த புல்லுக்குள் ஓடிவிட்டு வந்த பெண், ஈரச் சாக்கை இழுத்துக்கொண்டு ஓடின மாதிரி இருந்தது என்றாள். லெக்கின்ஸ் மெலிசு, முள் நேராகச் சதைக்கே போய்விடும். பருத்தியில் முள் மாட்டினால் விடாது. துணியும் வரும், கூடவே பெண்ணும் நிற்பாள்.

கடைசியில் குடை ரிப்பேர் கடையில் கிடைத்த நைலான் துணிதான் ஒத்துவந்தது. வழுவழுப்பில் முள் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. வேர்க்கும் என்பதால் முட்டிக்குப் பின்னால் வலைத்துணி வைத்தேன். நடந்தால் சரசரவென்று சத்தம் வரும். அது ஒன்றும் பெரிய குறையில்லை என்று மிஸ் சொல்லிவிட்டார். கறுப்புத் துணியில் ஆறு பேண்ட்டும் தைத்துத் தொங்கவிட்டதைப் பானு ஏற இறங்கப் பார்த்தாள்.

"மழை வந்தா கவலையே இல்ல. காலைத் தூக்கித் தலைக்கு மேல புடிச்சுக்கலாம்."

ஜீவிதாவின் அப்பா

பேண்ட் மட்டும் போதாது. முட்டியிலிருந்து கணுக்கால் வரை முன்பக்கம் கெட்டியாக ஒரு கவசம் வேண்டும். ராணிப்பேட்டைப் பக்கம் தோல் கம்பெனியில் வேலை செய்கிற ஒருவர் மூலமாக மெல்லிய தோல் துண்டுகள் வாங்கி வந்தேன். எந்த முள்ளும் நுழையாது. வெட்டி, உள்ளே பட்டுத்துணி லைனிங் கொடுத்து, முதல் ஜோடியை ஜீவிதாவுக்குத்தான் தைத்தேன். மனசுக்குள் ஒரே பெருமை.

அதைப் பார்க்க அவளுடைய அப்பா மொபெட்டில் வந்தார். கூரம் பக்கத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறவர். அவர்கள் சமணக் குடும்பம், அது எனக்குத் தெரியாது. கவசத்தைக் கையில் எடுத்தார், மெதுவாக மேஜையிலேயே வைத்தார். கோபமே இல்லை. தங்கள் வீட்டில் தோல் செருப்புகூடப் போடுவதில்லை என்றார். உள்ளே என்ன துணி என்று விசாரித்தார். சொன்னேன். பட்டும் வேண்டாம் என்றார், அதற்கும் புழு சாக வேண்டியிருக்கிறதே என்றார். பட்டு ஊரில் பட்டு பிளவுஸ் தைத்துச் சாப்பிடுகிறவள் எதிரில் அதைச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். கஷ்டப்பட்டுத் தைத்ததாயிற்றே என்று மட்டும் முனகினேன்.

"தோலுக்கு மேல இன்னொரு உசுரோட தோலு எதுக்கும்மா? அவளுக்கு இருக்குற தோலைக் காப்பாத்துனா போதும்."

ஒட்டுப்புல்

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். பள்ளிக்கூடப் பை தைக்கிற துணி இரண்டு மடிப்பு, நடுவில் யோகா பாயை வெட்டின துண்டு, பின்பக்கம் இழுபடுகிற துணி, பாதத்துக்கு அடியில் எலாஸ்டிக் பட்டை. பட்டை இருந்ததால் மேலேயும் ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை. பக்கவாட்டில் மூடுவதற்கு, அழுத்தினால் ஒட்டிக்கொள்கிற வெல்க்ரோ பட்டை வைத்தேன். நல்ல யோசனை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

தாமலில் பழகுகிற இடத்துக்கு நானே போய்ப் பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினேன். புடவையோடு போனது என் புத்தி. பத்தடி போவதற்குள் முந்தானை ஒரு பக்கம், கொசுவம் ஒரு பக்கம் முள்ளில் மாட்டி, நகரவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நின்றேன். இரண்டு பெண்கள் வந்து ஒவ்வொரு முள்ளாகப் பிரித்து என்னை வெளியே எடுத்தார்கள். அப்போதுதான் அவர்கள் காலைப் பார்த்தேன். கவசம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. தரையெல்லாம் துணியில் ஒட்டிக்கொள்கிற புல். அதன் விதை அத்தனையும் வெல்க்ரோவுக்குள் போய் அடைத்துக்கொண்டு, அது மூடவே மாட்டேன் என்கிறது. ஜீவிதாவின் இடது காலில் புதிதாக ஒரு கீறல் விழுந்து ரத்தம் கசிந்தது. வீட்டில் சொல்லாதீர்கள் என்று அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். தேர்வுக்கு இரண்டு வாரம்தான் பாக்கி. பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வந்தது.

கடையில் உட்கார்ந்து ஊசியால் அந்த விதைகளை ஒவ்வொன்றாகத் தோண்டிக்கொண்டிருந்தேன். பானு என் கையிலிருந்து அதைப் பிடுங்கி வெல்க்ரோவைப் பிரித்தாள். பிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஒம்பது கெஜம் பட்டு, அஞ்சு சவரன் சங்கிலி, எல்லாத்தையும் போட்டுக்கினு ஒரு பொண்ணு மூணு நாளு கல்யாணம் பண்ணிக்கிறா. ஊக்கு அவுருதா?"

புது மாடல் கை

ஊக்குதான் வைத்தோம். பிளவுஸுக்கு வைக்கிற மாதிரியே, கொஞ்சம் பெரிய ஊக்கு, வெளிப்பக்கமாகப் பதினாலு. புல்லில் மாட்டாமல் இருக்க மேலே ஒரு மடிப்பு. பானு ஒரு கவசத்துக்கு இரண்டு வரிசைத் தையல் போட்டாள்.

அந்தச் சமயம் ஒரு கல்யாணப் பெண் டிரையல் பார்க்க வந்தாள். எங்களுடைய அவசரத்தில் அவளுடைய பிளவுஸ் பாதியில் நின்றிருந்தது. எப்படிச் சமாளிப்பது என்று நான் உள்ளே போய் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வெளியே வந்து பார்த்தால், அவள் மேஜையில் கிடந்த கவசத்தை எடுத்துக் கையில் மாட்டி, ஊக்கையெல்லாம் போட்டு, கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. கழற்றச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"கை கொஞ்சம் கெட்டியா இருக்குதுக்கா. ஆனா மாடல் புதுசு, இதே மாதிரி வெச்சுடுங்க."

கடைசியாக வந்தவள்

தேர்வும் தாமல் பக்கம்தான் நடந்தது. பானுவும் நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போனோம். இந்தத் தடவை சுடிதார். காலையில் இரண்டிரண்டு நிமிஷ இடைவெளியில் ஒவ்வொருவராக ஓடிப் புதருக்குள் மறைந்தார்கள். மொத்தம் இரண்டு மணி நேரம். அதற்குள் திரும்பாவிட்டால் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஜீவிதாவின் அப்பா ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் பை. அதற்குள் பஞ்சு, மருந்து, முள் எடுக்கிற முள்வாங்கி.

நம் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஐந்து பேர் வந்தாயிற்று. ஜீவிதா வரவில்லை. அந்த ஐந்து பேருமே அவளைப் பாதியில் எங்கேயும் பார்க்கவில்லை என்றார்கள். மிஸ் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். பானு வாய்க்குள்ளேயே ஓதிக்கொண்டிருந்தாள். எனக்கு என் தையல் ஒவ்வொன்றும் கண்முன் வந்தது. எந்த இடத்தில் நூல் விட்டிருக்கும், எந்த ஊக்கு பிடுங்கிக்கொண்டிருக்கும் என்று. இரண்டு மணி நேரம் முடியச் சில நிமிஷம் இருக்கும்போது, யாரும் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து, வேலிகாத்தான் சுவர் மாதிரி நின்ற இடத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்தாள். ஒரு கொடியைத் தவறவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள். சுற்றி வர நேரமில்லை என்று நேராக முள்ளுக்குள்ளேயே வந்துவிட்டாள். கோட்டைத் தாண்டி அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

அவளுடைய அப்பா ஓடிவரவில்லை; நடந்துதான் வந்தார். எதிரில் குந்தி உட்கார்ந்து, மகளுடைய காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்துக்கொண்டு பதினாலு ஊக்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். வெளியே முள் முறிந்து குத்தி நின்றது. உள்ளே ஒன்றும் இல்லை. அடுத்த காலையும் அப்படியே பார்த்தார். பழைய தழும்பைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கொடியைத் தவறவிட்டு வந்தவர்களையெல்லாம் கழித்துவிட்டு மாநில அணிக்கு ஆறு பேரை எடுத்ததில் அவள் ஐந்தாவதாக வந்திருந்தாள் என்பது அரை மணி கழித்துத்தான் தெரியும். அவளுடைய அப்பா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார், கொஞ்ச தூரம் போனார், எதையோ நினைத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீ ஓட்டத்துல என்ன ஆனேன்னு கேக்கவே இல்ல பாரு நான்."

அடுத்த வாடிக்கையாளர்

விஷயம் எப்படியோ ஊருக்குள் பரவிவிட்டது. கரும்பு வெட்டுகிறவர்கள் இரண்டு பேர் கேட்டு வந்தார்கள், தைத்துக் கொடுத்தோம். போன வாரம் கூரியர் கொடுக்கிற ஒருவர் வந்தார். எங்கள் வீதிகளில்தான் தினமும் பார்சலோடு சுற்றுகிறார். தனக்கும் ஒரு ஜோடி வேண்டும், பின்பக்கமும் கெட்டியாக இருக்க வேண்டும் என்றார். நீங்களும் மேப் வைத்துக்கொண்டு காட்டில் ஓடுகிறீர்களா என்று பானு கேட்டாள். அவர் பேண்ட்டைத் தூக்கிக் கெண்டைக்காலில் இருந்த பல் தடத்தைக் காட்டினார்.

"நான்தான்க்கா மேப் பாத்துக்கினு போறேன். நாய்க்கு அதெல்லாம் வேணாம், எந்தத் தெருவுக்குப் போனாலும் எனக்கு முன்னாடி அங்க இருக்குது."

நன்றாக இருக்கிறது என்று சொல்ல வைக்கிற வேலையைவிட, ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல வைக்கிற வேலையில் தூக்கம் நன்றாக வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இருபது வருஷமும் பன்னிரண்டு கால்களும் தேவைப்பட்டிருக்கின்றன.