கோடிப் புடவையை மாற்றி வரச் சொன்ன அக்கா

தொலைக்காட்சித் தொடர்கள் பெண்களைக் கெடுக்கின்றன என்று வார இதழில் கட்டுரை எழுதியவன் நான். ஒரு தொடரைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. தெரியாத விஷயத்தை எழுதும்போதுதான் என் நடை தங்குதடையின்றி ஓடும். அக்கா அதைப் படித்துவிட்டு, எழுத்து நல்லாத்தான் கீது என்றார்.

அக்கா பிறந்தது அச்சரப்பாக்கத்தில். என்னைப் படிக்க வைப்பதற்காகப் பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டார். வாழ்க்கைப்பட்டது செய்யூரில். சவுக்குத் தோப்புகளைக் குத்தகை பிடித்து, வெட்டி லாரி ஏற்றுவது அவர் கணவரின் தொழில். ஒரே மகள்.

மாரடைப்பில் கணவர் போனபோது அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. பதினாறாம் நாள் பூவையும் பொட்டையும் எடுத்துவிட்டு அக்காவை வீட்டோடு உட்கார வைப்பது, தொழிலைக் கொழுந்தனார் பார்ப்பது என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். பிறந்த வீட்டுக் கோடிப் புடவை கொண்டுபோக வேண்டியவன் தம்பி. பெண் விடுதலை பற்றி ஓர் அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருந்த நான், சொன்னபடி வெள்ளையில் ஒன்று வாங்கிக்கொண்டு போய் நின்றேன்.

அக்கா பையைப் பிரித்துப் பார்த்தார்.

"இன்னாடா, இத்தினி படிச்சிட்டு இதையா தூக்கினு வந்த? டிவி சீரியல்ல ஒரு பொண்ணு பொட்டை அழிக்க மாட்டேன்னு நின்னா. அவளால முடிஞ்சது என்னால முடியாதா? போயி பச்சையில மாத்தினு வா."

பெரியப்பா என்னை முறைத்தார். நான் மதுராந்தகம் வரை போய் மாற்றி வந்தேன். பெண் விடுதலைக்கு நான் செய்த ஒரே தொண்டு அது. அதுவும் அக்கா அதட்டியதால் செய்தது.

மறு வாரமே பச்சைப் புடவையும் பொட்டுமாக அக்கா தோப்பில் நின்றார். வண்டி ஓட்டப் பழகினார். அவர் வருவது தெரிந்தால் லாரிக்காரர்கள் பீடியை அணைத்தார்கள். மகளைப் பொறியியல் படிக்க வைத்தார். அக்கா படுக்கையில் கிடந்த கடைசி ஆறு மாதம் தன் ஊரப்பாக்கத்து வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவள் அந்த மகள்தான். கொள்ளி வைத்தவளும் அவளே. யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அக்கா எங்களைப் பழக்கியிருந்தார்.

உடனிருந்த செவிலியருக்கும், வேலையை விட்டுவிட்டு வந்து நின்ற தோப்பு ஆட்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அச்சுக்குக் கொடுக்குமுன் இந்த அஞ்சலியை அக்கா மகளிடம் படித்துக் காட்டி, அந்தத் தொடரின் கதாநாயகிக்கும் ஒரு நன்றி சேர்க்கலாமா என்று கேட்டேன்.

"கதாநாயகி பொட்டை அழிச்சிட்டு அழுதுகினு உக்காந்துட்டா, மாமா. அழிக்க மாட்டேன்னு நின்னது வில்லி" என்றாள்.