நூல் கோனில் மைக்ராஸ்கோப் செய்தவள்

நாங்கள் வாடகைக்கு விட்டிருந்த லைன் வீட்டில் குடியிருந்தவள் ஒல்லியாய், சின்ன உருவமாய் இருப்பாள். நூல் தீர்ந்த கோனில் பழைய சிடி பிளேயர் லென்ஸைப் பொருத்தி, மலிவு விலையில் மைக்ராஸ்கோப் விற்றாள். பனியன் வேஸ்ட் துணியால் லென்ஸைத் துடைத்தபடியேதான் பேசுவாள். அதுவரை வீட்டுக்காரம்மா என்று என்னைத்தான் கேட்டு வருவார்கள்; அதே தெருவில், "லென்ஸக்கா ஊடு எதுங்க?" என்று என்னிடமே கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

"எங்க தொட்டித் தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கும், வெச்சுப் பாரு கண்ணு," என்று ஒரு நாள் டம்ளரை அவளிடம் நீட்டினேன்.

"நீங்களே பாருங்கம்மா."

பார்த்தேன். என்னென்னவோ நெளிந்தன.

"பூச்சி உன்ற கோன்லதான் இருக்குது!"

"இருக்குமுங்க," என்று துடைத்தாள்.

அவள் வேலைக்குப் போனதும் ஆள் விட்டுத் தொட்டியைக் கழுவினேன்.

அவள் காலிசெய்து போன பிறகும் ஆட்கள் வருகிறார்கள்.

"லென்ஸக்கா ஊடு இதுங்களா?"

"ஆமாங்க, உக்காருங்க."

அவள் போய்விட்டதை டீ கொடுத்த பிறகுதான் சொல்கிறேன்.