சாமையும் புல் குடும்பம்தான்

கள்ளக்குறிச்சியில் எனக்கு ஒரு பூச்சிமருந்துக் கடை. செடிகளை நான் இரண்டு குடும்பமாகப் பிரித்து வைத்திருந்தேன். மனுஷன் விதைப்பது பயிர். எனக்குச் சோறு போடுவது களை.

போன ஆடியில் வெள்ளிமலையிலிருந்து ஒரு விவசாயப் பெண் வந்தார்.

"சாமக்குள்ள தொவர போட்டுக்கீறேன்ண்ணே. புல்லு ஏறிகினே போவுது. கையால புடுங்கி மாளல."

உளுந்து போடுபவர்களுக்குத் தரும் மருந்தை எடுத்து நீட்டினேன். அது புல் குடும்பத்தை மட்டும் முடித்துவிடும்.

"புல்லுக்குக் காரியம் பண்ண ஐயரச் சொல்லிடும்மா!"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நான் மறந்துபோனேன்: நெல், சாமை, அறுகு எல்லாம் ஒரே புல் குடும்பத்துப் பங்காளிகள். எது பயிர், எது களை என்று பிரித்தது நாம். மருந்துக்கு அது தெரியாது.

சில வாரம் கழித்து அவர் திரும்ப வந்தார். பையிலிருந்து காய்ந்த சாமைத் தூர் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"புல்லும் பூடுச்சு, சாமயும் பூடுச்சு. தொவர மட்டும் நின்னுகினு கீது. இன்னாண்ணே இது?"

"சாமயும் புல்லு ஜாதிதாம்மா. மறந்துட்டேன். தப்பு என்னுது."

"அன்னிக்கி அத்தச் சொல்லியிருக்கலாம்ல? சிரிக்க வச்சிகினு இருந்தீங்களே."

மறுநாள் கொள்ளு மூட்டையோடு மலை பஸ் ஏறினேன். இனி சாமை விதைக்கப் பருவம் இல்லை; கொள்ளு வரும். அவர் சொன்னபடியே இருந்தது நிலம். வைக்கோல் நிறத்துக்கு நடுவே துவரை மட்டும் கொழுகொழுவென்று நின்றது. மருந்து துளிகூடத் தப்பு செய்யவில்லை.

அவருடைய வீட்டுக்காரர் மூட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"சரிதாங்க, இந்த வருசம் குதுர பங்க நாங்க தின்றோம்."

நல்ல ஜோக். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று பேரும் விதைத்தோம். என் இடுப்பு விட்டுப்போனது; அது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. மத்தியானம் தட்டு வைத்தார்கள். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. போன வருஷச் சாமையில் மிஞ்சியது.

"போதும்மா, போதும்."

"இன்னா போதும்? வேல செஞ்சவங்க சாப்புடணும்."

பானையைச் சாய்த்துச் சுரண்டி இன்னொரு கரண்டி போட்டார். இனி சாமை அறுக்க அடுத்த வருஷம் ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர்களுடைய கடைசிச் சாமையைத் தின்பதைவிட அதை மிச்சம் வைப்பது கேவலம் என்று ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.