ராசன் என்னை அறைக்கு வெளியே அனுப்பிய கதை

எண்பதுகளின் நடுவில் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில், இளைஞர்களுக்கான மனநல நிலையம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். இன்று இந்த வேலைக்கு வரும் நீங்கள் பயிற்சி, சான்றிதழ் எல்லாம் எடுத்துக்கொண்டு வருகிறீர்கள். என் தகுதி, டொச் என்கிற ஜெர்மன் மொழியும் தமிழும் தெரியும். வாயும் கொஞ்சம் நீளம். "ஒரே பண்பாடு, ஒரே சமயம். உங்களைக் கண்டால் அந்தத் தமிழ்ப் பையனுக்கு நம்பிக்கை வரும்" என்றார் டொக்டர், ஒரு சுவிஸ் பெண்மணி. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவன் பெயரை ராசன் என்று மாற்றிச் சொல்கிறேன். பத்தொன்பது வயது, உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. மூன்று கிழமையாகச் சரியான சாப்பாடில்லை. காற்சட்டையைக் கயிற்றால் கட்டியிருந்தான். இன்னும் மெலிந்தால் மனநல ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அங்கே போனால் அகதி விண்ணப்பமும் போய்விடும், பிடித்து ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்று அவன் நடுங்கினான்.

முதல் நாள் வாஞ்சையாகத்தான் கேட்டேன்: "தம்பி எந்த ஊர்? ஆற்றை மகன், யார் வீட்டுப் பிள்ளை?"

முகத்தை இறுக்கிக்கொண்டான். "யாழ்ப்பாண ரவுண்."

பட்டணத்தான் என்கிறான், வாயைத் திறந்தால் அசல் வடமராட்சிப் பகுதிப் பேச்சு! எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஊரையே ஒளிக்கிறவன் வேறு என்னத்தை ஒளிக்கிறானோ? எந்த ஆயுத இயக்கமோ? "இவன் பொய் சொல்கிறான்" என்று டொக்டரிடம் டொச்சில் விளக்கமாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

ராசன் பேனையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "அக்கா, நான் ரண்டு சொல்லுத்தானே சொன்னனான். நீங்கள் என்ன இவ்வளவு நேரம் கதைக்கிறீங்கள்?"

"அது மொழிபெயர்ப்பு, தம்பி."

"ஓம், ஓம்" என்றான். அவன் நம்பவில்லை.

அடுத்த கிழமை வாசலிலேயே நின்று சொன்னான்: "டொக்டர், ருடே நோ அக்கா." இன்றைக்கு அக்கா வேண்டாமாம்.

எனக்கு வந்த கோபம்! அவனுக்குத் தெரிந்த இங்கிலீசு நாற்பது சொல். அதை வைத்து என்னத்தைக் கிழிக்கப் போகிறான்? என்னை நடைவழிக் கதிரையில் இருத்திவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஒரு மணித்தியாலம் அவன் குரல் ஓயவில்லை. என்னைப் பற்றித்தான் கோள் சொல்கிறான் என்று நினைத்தேன்.

அவன் போனபின் டொக்டர் சொன்னார்: "அவன் பயம் இராணுவத்துக்கு மட்டுமில்லை, இயக்கங்களுக்கும்தான். நீங்கள் யாருடைய ஆள் என்று அவனுக்குத் தெரியாது. நான் யாருடைய ஆளும் இல்லை."

அவன் சம்மதத்தோடு ஒன்றை மட்டும் சொன்னார். அண்ணன் செத்துப்போனான்; சடங்கு எதுவும் நடக்கவில்லை. அண்ணன் பசியோடு இருக்கத் தான் எப்படிச் சாப்பிடுவது என்கிறானாம் ராசன். சாவுக்கு எட்டாம் நாள் செய்யும் எட்டுச்செலவைப் பற்றி நான் சொன்னேன்: செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்போம், அவரோடு கதைத்து அழுவோம்.

"அதை இந்த அறையிலேயே செய்யலாமா?" என்றார் டொக்டர்.

ராசன் ஒப்புக்கொண்டான், நிபந்தனையோடு. அண்ணனுக்குப் பிடித்த பிட்டும் கணவாய்க் கறியும் அக்கா சமைக்கலாம். உள்ளே வரக் கூடாது. வீட்டில் நின்று புறுபுறுத்தேன். ஆனாலும் கணவாய் தேடி இத்தாலியன் கடைகளெல்லாம் ஏறி இறங்கினேன்.

அன்று கதவுக்குப் பின்னால் அவன் தமிழில் அழுதான். சொற்கள் விளங்கத் தொடங்கின. ஊர்வம்பு, விடுப்புக் கேட்பதில் நான் ஒன்றும் குறைந்தவள் இல்லை. ஆனாலும் கதிரையை விட்டு எழும்பி, படிக்கட்டடிக்குப் போய் நின்றேன்.

கதவைத் திறந்தவன் என்னைத் தேடினான். "ஏனக்கா அங்க நிக்கிறீங்கள்?"

"கிட்ட நிண்டாக் கேக்கும், தம்பி."

கதவை அகலத் திறந்தான். "உள்ள வாங்கோ. படைச்சதைத் தனியச் சாப்பிடக் கூடாது."

மூவரும் காகிதத் தட்டில் சாப்பிட்டோம். அவன் இரண்டாம் தரமும் போட்டான். "கறிக்கு உப்புக் கூடிப்போச்சு" என்று குறையும் சொன்னான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆஸ்பத்திரிப் பேச்சு மெல்ல மெல்ல நின்றது.

நம்முடைய ஆள் என்பதற்காக ஒரு பிள்ளை நம்மை நம்பிவிடாது. அதனாலேயே கூடுதலாகப் பயப்படவும் கூடும். இந்தப் பாடத்தை எனக்குப் படிப்பித்தவன் ராசன். அடுத்த கிழமை, உள்ளேயா வெளியேயா என்று நான் தயங்கி நிற்க, அவனே டொக்டருக்குப் பக்கத்தில் எனக்குக் கதிரை இழுத்துப் போட்டான்.

"இருங்கோ அக்கா. ஆனா நான் சொல்லுறதை மட்டும் சொல்லோணும்."